பிஎச்.டி.யும் மாதப் பணமும்: நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எம்.ஏ., எம்.எஸ்சி. முடிக்கும் பிள்ளைகள் ஏப்ரல், மே மாதங்களில் வந்து கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்களுடைய அம்மா அப்பா கேட்பவை வேறு. நெறியாளர்களாக, அதாவது ஆய்வுக்கு கைடாக இருக்கும் நண்பர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பவை இன்னும் வேறு. எல்லாவற்றையும் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே எழுதிவைத்திருக்கிறேன். நான் ஆலங்குளம் பக்கத்துக்காரி. அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்தாள். அதனால் பணம் பற்றிய பதில்கள் மட்டும் நீளமாக இருக்கும்.

1. பிஎச்.டி. சேர்ந்தா சம்பளம் தருவாங்களாக்கா, இல்ல நாமதான் பீஸ் கட்டணுமா?

கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும். பதிவுக்கு ஒன்று, ஆண்டுதோறும் ஒன்று, ஆய்வேட்டைக் கொடுக்கும்போது ஒன்று. பணம் வருமா என்பது வேறு கதை. சேர்ந்துவிட்டால் மட்டும் பணம் வராது. உதவித்தொகை ஒன்றைத் தனியாகத் தேர்வெழுதியோ விண்ணப்பித்தோ வாங்கியிருந்தால்தான் வரும்.

அதனால் ஒரே நெறியாளரிடம், ஒரே ஆய்வகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மாதம் 37,000 ரூபாய் வரும், இன்னொருவருக்கு ஒன்றும் வராது. வேலை இருவருக்கும் ஒன்றுதான். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும், அதன் கீழுள்ள கல்லூரி ஆய்வு மையங்களில் சேர்ந்தாலும் இதே கதைதான். சேர்வதற்கு முன்பே வீட்டில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

2. என்னென்ன உதவித்தொகை இருக்கு? எவ்வளவு கிடைக்கும்?

பெரியது ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. அதற்கு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும்: கலை, மொழி, சமூக அறிவியல் படித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் யுஜிசி நெட், அறிவியல்காரர்களுக்கு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் சிஎஸ்ஐஆர் நெட். மாதத் தொகை 2014இல் 25,000 ஆக இருந்தது, 2019இல் 31,000 ஆனது, 2023 ஜனவரி முதல் 37,000. இரண்டு ஆண்டு கழிந்து மதிப்பீட்டுக் குழு ஒப்புக்கொண்டால் 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. புத்தகம், களப்பணி போன்றவற்றுக்குக் கலைப் பாடங்களில் முதல் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 10,000, அறிவியலில் 12,000. எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தனித்தனி தேசிய உதவித்தொகைகள் உண்டு. சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். மேலப்பாளையத்துப் பிள்ளைகள் சிலர் இன்னும் அதை நம்பி வருகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

மாநில அரசில் இரண்டு. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். ஆசிரியர் தேர்வு வாரியம் வைக்கும் தகுதித் தேர்வு எழுத வேண்டும், இடங்கள் குறைவு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்த முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. மாதத்துக்கு வகுத்தால் 8,300 சொச்சம்.

மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு மாதம் 8,000. அதையும் 2015 அக்டோபரில் நிறுத்தப் பார்த்தார்கள். மாணவர்கள் டெல்லியில் யுஜிசி அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து காப்பாற்றினார்கள். ஐஐடி போன்ற இடங்களுக்கு என்று 2018இல் அறிவித்த பிரதம மந்திரி ஆராய்ச்சி உதவித்தொகையோ 70,000இல் தொடங்கி 80,000 வரை போகும். ஆக ஒரே நாட்டில், ஒரே பட்டத்துக்கு, 80,000, 37,000, 8,000, ஒன்றுமில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளில் அதிகம் பேர் அந்தக் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு இது சரியென்று ஒருநாளும் படவில்லை.

3. எனக்கு 32 வயசு ஆயிருச்சு, ஜேஆர்எஃப் கிடையாதாமே?

யுஜிசி நெட்டில் பொதுப்பிரிவு ஆண்களுக்கு வரம்பு 30. எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் (வசதியான பிரிவில்) வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர், பெண்கள் எல்லோருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. எனவே நம் ஊரில் பெரும்பாலோருக்கு 35 வரை நேரம் இருக்கிறது.

ஆனால் ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழில் பிசி என்றோ எம்பிசி என்றோ இருப்பது இங்கே போதாது. ஒன்றிய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள். விண்ணப்பக் கட்டணமும் மாறும்: பொதுப்பிரிவுக்கு 1,150 இருந்தபோது ஓபிசிக்கு 600, எஸ்சி, எஸ்டிக்கு 325 என்று வைத்திருந்தார்கள். பீடி சுற்றும் வீட்டில் அந்த 550 ரூபாய் வித்தியாசம் பெரிது.

இன்னொன்று. யுஜிசி நெட் தேர்வில் தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குக்கூட முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். இரண்டாம் தாள்தான் தமிழில். முதல் தாளில் 50 கேள்வி, 100 மதிப்பெண். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் அறிவால் தோற்பதில்லை, கேள்வியைப் படித்து முடிக்கும் நேரத்தில் தோற்கிறார்கள். பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். யுஜிசி நெட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் ஒன்றையும் விடாதீர்கள்.

4. எம்.ஏ.வுல 52 பர்சன்ட்தான். அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று யார் சொன்னது? பிஎச்.டி. சேரப் பொதுவாக 55 விழுக்காடு வேண்டும். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கும், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் 5 விழுக்காடு தளர்வு இருக்கிறது.

5. சார் பார்ட் டைம்ல சேரச் சொல்றாரு. பகல்ல வேலைக்குப் போயிட்டு ராத்திரி ஆராய்ச்சி பண்ணலாம்ல?

நல்ல நிரந்தர வேலையில் இருப்பவருக்கு அது சரி வரும். வேலை கொடுப்பவரிடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், அலுவலக நேரம் ஆய்வுக்கு ஒத்துவர வேண்டும். ஆனால் பகுதிநேரத்தில் சேர்ந்தால் இரண்டாம் பதிலில் சொன்ன உதவித்தொகை எதுவும் கிடையாது. ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரை மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்கிற பிள்ளை எப்போது படிக்கும்? அப்படிச் சேர்ந்து ஆறாண்டு கட்டணம் கட்டிவிட்டு ஒரு இயல்கூட எழுதாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். "முதல்ல ரெஜிஸ்டர் பண்ணிக்கோ, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், எந்தப் பணத்தில் என்று கேளுங்கள்.

6. ஜேஆர்எஃப் வாங்கிட்டா பணம் மாசாமாசம் ஒழுங்கா வந்துருமா?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இது.

யுஜிசி பணம் கனரா வங்கியின் இணையதளம் வழியாக நேரே உங்கள் கணக்குக்கு வருகிறது. ஆனால் நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள் என்று கல்லூரி முதலில் பதிவேற்ற வேண்டும். பிறகு மாதந்தோறும் ஒரு அலுவலர் உங்கள் வருகையை உள்ளிட வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இந்த இரண்டு பேரில் ஒருவர் விடுப்பில் போனாலும், மாறுதலாகிப் போனாலும், அந்த மாதம் நின்றுவிடும். பிறகு நிலுவையாக வரும், நிச்சயம் வரும். ஆனால் வாடகை நிலுவைக்குக் காத்திருக்காது.

நான் சேர்ந்த காலத்தில் ஜேஆர்எஃப் 25,000. முதல் ரூபாய் வர எட்டு மாதம் ஆனது. என் சேர்க்கைக் கடிதம் அலுவலகத்தில் ஒரு கோப்புக்குள் கையெழுத்தில்லாமல் கிடந்திருக்கிறது. அதுவரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மற்றவர்களின் ஆய்வேடுகளைப் பக்கத்துக்குப் பத்து ரூபாய்க்குத் தட்டச்சு செய்தேன். சித்தியின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டியபடியே கேட்பாள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். "ஆயிரம் பீடிக்கே வாரம் முடிஞ்சா கணக்குத் தீர்த்துருவான். ஒன் காலேஜுல எட்டு மாசமா?" பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

இதனால்தான் சொல்கிறேன், தொகை எவ்வளவு என்பதைவிட எப்போது வரும் என்பது முக்கியம். எட்டு மாதம் காத்திருக்க முடிந்த வீடு, முடியாத வீடு என்று அங்கேயே பிள்ளைகள் பிரிந்துவிடுகிறார்கள். சேர்ந்த வாரமே அந்த இரண்டு அலுவலர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குள் போய்ப் பணிவாக நினைவூட்டுங்கள். அதில் கூச்சமே வேண்டாம்.

7. "எம்மா, இவளுக்கு இருபத்திமூணு வயசு ஆச்சு. இன்னும் அஞ்சு வருசம் படிப்புன்னா எங்க வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா?"

முக்கூடலிலிருந்து ஒரு தாய் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இதைக் கேட்டார். நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டின் யுஜிசி விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு வாங்கலாம், பெண்களுக்கு அதற்குமேல் இன்னும் இரண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. இடையில் கல்யாணமானால் படிப்பு போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

கட்டுப்படியாகுமா என்றால், உதவித்தொகை கையில் இருந்தால் ஆகும். மாதம் 37,000 என்பது இங்கே பல தனியார் கல்லூரிகள் பாடம் நடத்துபவருக்குக் கொடுப்பதைவிட அதிகம். உதவித்தொகை இல்லையென்றால், உடனே சேராதே, ஓராண்டு வேலை பார்த்துக்கொண்டே நெட் எழுது என்றுதான் சொல்வேன். அந்தப் பெண்ணிடமும் அதையே சொன்னேன். முடித்த பிறகு என்ன என்பதையும் மறைக்கக் கூடாது. அரசு கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்குத் தொகுப்பூதியம் மாதம் 25,000. யுஜிசி 2019இல் பரிந்துரைத்ததோ மாதம் 50,000 வரை. அதற்காகத் தமிழகம் முழுக்க நம் ஆட்கள் இன்னமும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வில் தேறியிருந்தாலே விண்ணப்பிக்கலாம். ஆய்வு செய்ய ஆசை இருக்கிறவள் மட்டும் பிஎச்.டி.க்கு வரட்டும்.

8. உதவித்தொகைங்கிறது அரசாங்கம் பார்த்துக் கொடுக்கிறது. அதைப் போய் சம்பளம்னு கேட்கலாமா?

கேட்கலாம். வேலை நடக்கிறதே! ஆய்வாளர் வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் பயிற்சி வகுப்பு, ஆய்வகம், விடைத்தாள் திருத்தம் பார்க்கலாம் என்று யுஜிசி விதியே சொல்கிறது. நடைமுறையில் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அவர் எழுதும் கட்டுரைகள்தான் கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வரும்போது துறையின் கணக்கில் ஏறுகின்றன. நெதர்லாந்தில் பெரும்பாலான ஆய்வு மாணவர்களைப் பல்கலைக்கழக ஊழியர்களாகவே வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஜெர்மனியிலும் பலர் பொதுத்துறை ஊதிய அட்டவணைப்படி ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார்கள். 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் உட்பட 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து ஊதியத்தை உயர்த்தினார்கள்.

நம் ஊர்க் கணக்கையே போடுங்கள். 8,000 ரூபாயை 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 307 சொச்சம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் அறிவித்த தினக்கூலி 336. வரப்பு வெட்டும் அத்தைக்கு அந்தக் கூலி வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதுகலை முடித்து ஆய்வு செய்பவருக்கு அதிலும் குறைவு என்றால் அது எப்படி நியாயம்?

9. தகுதியைப் பார்த்துத்தானே எடுக்க முடியும்? வீட்டு நிலைமையைப் பார்த்தா தரம் போயிராதா?

இது ஒரு மூத்த பேராசிரியர் கேட்டது. அவர் நல்லவர், உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் கேட்டார். நான் திருப்பிக் கேட்டது: நேர்காணலில் நாம் எதைத் தகுதி என்று பார்க்கிறோம்? மடமடவென்று ஆங்கிலம் பேசுவதையா? சென்னைக் கருத்தரங்குக்குச் சொந்தச் செலவில் போய் வாங்கிய சான்றிதழையா? இரண்டுக்கும் அப்பாவின் பணம் வேண்டும். ஜேஆர்எஃப் இல்லாமல் வருபவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று விதி இருக்கிறது. அந்த முப்பதில்தான் ஒருவர் மேலே போவதும் கீழே வருவதும். எல்லோருக்கும் ஒரே ஐந்து கேள்வி, தமிழிலும் பதில் சொல்லலாம், பேசத் தொடங்குமுன் ஒரு பக்கத்தை வாசிக்கக் கொடுத்து அதில் கேட்பது. இப்படி நடத்திப் பார்த்தால் வரிசை மாறும். எங்கள் துறையில் ஒருமுறை நடத்தினோம். வாயே திறக்காமல் இருந்த ஒரு பையன், கொடுத்த பக்கத்திலிருந்த அட்டவணையில் கூட்டல் பிழை இருப்பதைக் காட்டினான்.

நம் மாநிலத்தில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது, அதில் கை வைக்கவே கூடாது. நான் சொல்வது அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது, பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். முதல் பட்டத்தோடு அவை நின்றுவிடும். அதற்கு மேல் ஏற இப்படி ஒரு பிடிமானம் இல்லை.

10. இன்டர்வியூல "அப்பா என்ன வேலை, கல்யாணம் எப்போ"ன்னு கேட்டா என்ன சொல்றது?

"அப்பா கொத்தனார் வேலை பார்க்கிறார், சார்" என்று நேராகச் சொல்லுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. கல்யாணம் பற்றிக் கேட்டால், "ஆய்வை முடிக்கத் திட்டமிட்டுத்தான் வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் தலைப்புக்குத் திரும்புங்கள். கேட்கிற இடத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வது: இந்த இரண்டு கேள்வியையும் விட்டுவிடுங்கள்.

11. கைடு வீட்டு வேலையெல்லாம் சொல்றாரு. வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) சாப்பாடு, சால்வை, எக்ஸாமினருக்கு ரூம் எல்லாம் நம்ம செலவுன்னு சீனியர் சொல்றாங்க. நெசமா?

அப்படி நடக்கும் இடங்கள் இருக்கின்றன. எந்த விதியிலும் அது இல்லை. தேர்வாளருக்கான பயணச் செலவையும் மதிப்பூதியத்தையும் பல்கலைக்கழகம்தான் தருகிறது, அதற்குத்தான் உங்களிடம் ஆய்வேட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள். உதவித்தொகை நிலுவை வந்ததும் அதில் பங்கு கேட்டதாகவும் இரண்டு பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். அது லஞ்சம், வேறு பெயர் வேண்டாம். தேதி போட்டுக் குறித்துவையுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள், ஆய்வு ஆலோசனைக் குழுவில் உள்ள இன்னொரு பேராசிரியரிடம் முதலில் பேசுங்கள். நெறியாளரை மாற்றவும் வழி இருக்கிறது. ஆனால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் பேச்சின் தொனியே மாறும்.

வைவாவுக்கு வந்தவர்களுக்கு வடையும் காபியும் கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

12. வெளிநாட்டுல பண்ணலாமா? அங்க எல்லாருக்கும் பணம் உண்டாமே?

எல்லோருக்கும் இல்லை. எட்டாம் பதிலில் சொன்ன நெதர்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் பெரும்பாலும் முதலில் பணத்தோடு ஓர் இடத்தை அறிவித்து, பிறகுதான் ஆளை எடுக்கிறார்கள். அப்படி அறிவித்த இடங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். வீட்டை அடகு வைத்துப் பிஎச்.டி. செய்ய எங்கும் போகாதீர்கள்.

13. எங்க டிபார்ட்மென்ட்ல நிதியே கிடையாது. நல்ல பிள்ளைங்க வந்தா வேண்டாம்னு சொல்றதா, எடுத்துட்டுக் கஷ்டப்படுத்துறதா?

நெறியாளர்கள் கேட்கும் இந்தக் கேள்விதான் எனக்கும் கஷ்டமானது. எட்டு பேரை எடுக்கலாம் என்று பேராசிரியருக்கு விதி அனுமதி தருகிறது, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு. அத்தனையையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பணத்தோடு இருவரை எடுப்பது, பணமில்லாமல் நால்வரை எடுப்பதைவிட நல்லது என்று நான் நினைக்கிறேன். இதில் என் நண்பர்கள் சிலருக்கு உடன்பாடில்லை. "இடமே கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை நெட் எழுதும் தைரியத்தையே இழந்துவிடும்" என்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. அப்படி எடுப்பதாக இருந்தால் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு நீங்கள் விண்ணப்பித்து, அதில் அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் வையுங்கள். அதுவரை வகுப்பும் திருத்தமும் அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

பணமே செலவாகாத ஒன்று இருக்கிறது. சேர்க்கை அறிவிப்பிலேயே உண்மையை எழுதிவிடுவது. நாங்கள் இந்த ஆண்டு துறைப் பலகையில் ஒட்டியதை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"முழுநேர இடங்கள் 3. துறையிலிருந்து உதவித்தொகை இல்லை. ஜேஆர்எஃப் பெற்றவர்களுக்கு முதல் தொகை வர ஆறு மாதம் வரை ஆகலாம். அதுவரை விடுதிக் கட்டணம் கட்ட அவகாசம் தரப்படும், தாமதக் கட்டணம் கிடையாது. மாத வருகையைப் பதிவேற்றும் பொறுப்பு துறை அலுவலகத்துடையது. 25ஆம் தேதிக்குள் ஏற்றப்படும். ஏற்றவில்லை என்றால் துறைத்தலைவரை நேரில் பார்க்கலாம். நேர்காணலில் தமிழில் பேசலாம்."